பறவைக்குள் ஒரு மனிதர்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1969 நவம்பர் 10-ஆம் நாள் 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் சிறுவர் நிகழ்ச்சி தொடங்கிற்று. அதில் வரும் 'பிக் பேர்ட்' என்னும் மஞ்சள் பறவை 8 அடி 2 அங்குல உயரமுடையது. அதனுள் நின்று பல்லாண்டுகள் அதற்கு உயிரூட்டியவர் கரோல் ஸ்பின்னி என்னும் கலைஞர்.

அவர் பட்ட பாட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். பறவையின் தலை அவருடைய தலைக்கும் மேலே இருந்தது. வலக்கரத்தை நேராக உயர்த்தி அதைத் தாங்கியபடியே விரல்களால் அலகைத் திறந்து மூடுவார். சுண்டுவிரலால் கண்களை இயக்குவார். இடக்கரம் இடச்சிறகினுள் இருக்கும். அப்படியானால் வலச்சிறகை அசைப்பவர் யார்? எவருமில்லை! மெல்லிய தூண்டில் நரம்பு ஒன்று இரு சிறகுகளையும் இணைத்தது. ஒன்று தாழ்ந்தால் மற்றது உயரும். வெளியே பார்க்கத் துவாரமும் கிடையாது. மார்பில் கட்டிய சிறு தொலைக்காட்சிப் பெட்டியே அவருக்குக் கண். அதிலும் ஒரு சங்கடம்: அவர் வலப்புறம் நகர்ந்தால் படத்தில் பறவை இடப்புறம் நகரும்.

இத்தனை இடர்களுக்கிடையே அவர் நடித்த காட்சிகளுள் ஒன்றைப் பெற்றோர் அவசியம் அறிய வேண்டும். நிகழ்ச்சியில் ஹூப்பர் என்னும் முதிய கடைக்காரராக நடித்து வந்த வில் லீ 1982 டிசம்பரில் காலமானார். வேறொரு நடிகரை அமர்த்தியிருக்கலாம். அவர் வெளியூர் போய்விட்டார் என்று சொல்லியும் முடித்திருக்கலாம். நம் வீடுகளிலும் பாட்டனார் இறந்தால் "ஊருக்குப் போயிருக்கிறார்" என்றுதானே பிள்ளைகளிடம் கூறிவிடுகிறோம்! தயாரிப்பாளர்களோ குழந்தை உளநூல் அறிஞர்களைக் கலந்து, உண்மையையே சொல்வதெனத் துணிந்தனர். பெற்றோர் இல்லத்தில் இருக்கும் விடுமுறை நாளாகப் பார்த்து, 1983 நவம்பர் 24 அன்று அக்காட்சியை ஒளிபரப்பினர்.

தான் வரைந்த உருவப்படங்களைப் பறவை பெரியவர்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுக்கிறது. ஹூப்பரின் படம் மட்டும் எஞ்சுகிறது. அவர் திரும்பி வந்ததும் கொடுப்பேன் என்கிறது. அவர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று பெரியவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். கடையை யார் பார்ப்பார், தனக்குக் கதை யார் சொல்வார் என்று அது கேட்கிறது. வானகத்தைப் பற்றி அங்கே பேச்சில்லை. பல சமயத்தார் காணும் நிகழ்ச்சியில் அது இயல்பே. அந்தப் பகுதி பெற்றோருக்கென விடப்பட்டது போலும்.

நடிகர்கள் சிந்திய கண்ணீர் நடிப்பன்று. பல்லாண்டுத் தோழரையே அவர்கள் இழந்திருந்தனர். பறவைக்குள்ளும் ஒருவர் கரத்தை உயர்த்தியபடி அழுதுகொண்டிருந்தார். அந்தப் படங்களை உண்மையில் வரைந்தவரும் ஸ்பின்னியே.

அவர் 2018-இல் ஓய்வு பெற்று, 2019 டிசம்பர் 8 அன்று மறைந்தார். ஹூப்பரின் அந்த ஓவியம் பறவையின் கூட்டருகே பல ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது.