தார் ரோட்டுக்கும் செம்மண்ணுக்கும் ஒரே டயர்

தே தாரேக் ஆறுவதற்குள் முடிகிற பேச்சில்லை இது, தம்பி. நீ ஈப்போவில் வேலை பார்க்கிறாய். வாரக் கடைசியில் சுங்கை சிப்புட் பக்கம் அப்பாவின் செம்பனைத் தோட்டத்துக்கு ஹைலக்ஸை ஓட்டிப் போகிறாய். டயர் கடையில் மலையும் பனித்துகளும் பொறித்த ‘ஆல் வெதர்’ டயரைக் காட்டினார்களாம். அந்த முத்திரை பனியில் ஓட்டிச் சோதித்ததற்கான அடையாளம். வெயிலும் மழையும் மட்டுமே தெரிந்த நமக்கு அது எதற்கு?

ஆனால் நம் மழை லேசுப்பட்டதல்ல. தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மி.மீ. பெய்கிறது. அதனால் நான் முதலில் கேட்பது ஈரத் தார் ரோட்டில் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பதைத்தான். பெரிய பெரிய கட்டைகளாகப் பூ வெட்டிய மட் டயர், எம்டி என்பார்களே, அது பார்க்க மிரட்டலாக இருக்கும். தரையைத் தொடும் ரப்பர் குறைவு. மழையில் மெனோரா சுரங்கப்பாதை இறக்கத்தில் அதை நம்பி நான் இறங்க மாட்டேன். ஓட்டத்தில் பெரும்பங்கு தார் ரோடு என்றால் மிதமான ஏடி, அதாவது ஆல் டெரெய்ன், போதும். தோட்டத்துக்கு மாதத்தில் ஒரு நாள்தான் என்றால் நெடுஞ்சாலைக்கான எச்டியே போதும்.

தோட்டத்தில் சேறுதான் எதிரி என்று நினைக்கிறோம். நனைந்த செம்மண் டயரின் வரிகளை அடைத்துவிட்டால் எந்த டயரும் மொட்டை டயர்தான், உண்மை. ஆனால் அதைவிடப் பொல்லாதது வெட்டிப் போட்ட செம்பனை மட்டை. அதன் முள்ளும் கூரான அடிக்கட்டையும் டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். அடிப்பாகத்தில் ஆணி குத்தினால் ஒட்டலாம். பக்கச்சுவர் கிழிந்தால் டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சேற்றில் காற்றை இறக்கினால் பிடிப்பு கூடும் என்று சிலர் சொல்வார்கள். கூடும், ஆனால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி மட்டைக்கு வாகாக நிற்கும். எல்டி, அதாவது லைட் டிரக் வகை டயருக்குச் சுவர் தடிப்பு. குலை ஏற்றுகிற வண்டிக்கு நல்லது. வெறும் வண்டியில் குலுக்கி எடுக்கும், எண்ணெயும் கூடுதலாகக் குடிக்கும்.

1877இல் கோலகங்சாரில் பால்மரக் கன்று நட்டார்களே, அந்த இன மரத்துப் பால் இன்னும் டயருக்குள் இருக்கிறது. கிழிசலைத் தாங்குவதிலும் சூடு ஏறாமல் இருப்பதிலும் இயற்கை ரப்பர் கெட்டி. அதனால்தான் லாரி டயரில் அதன் பங்கு அதிகம்.

இனி டயர்மேல் உள்ள எழுத்தைப் படி. 265/65ஆர்17 112எஸ் என்றால் அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, ரிம் 17 அங்குலம். 112 என்பது ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்ற கணக்கு. எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரை. டாட் என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் பிறந்த தேதி: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பல வருசம் கடையில் கிடந்த டயர் மலிவாக வந்தாலும் வாங்காதே. நான்கு டயரையும் குனிந்து பார்.

வரிகளுக்குள் இருக்கும் தேய்மானக் கட்டை 1.6 மி.மீ.யைக் காட்டும். அதுவரை காத்திருக்காதே, நம் மழைக்கு 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடு. காற்றளவை ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் பார்த்து, டயர் சூடேறும் முன் அடி. ஸ்பேர் டயருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தோட்டத்துக்குள் கடை கிடையாது.