தண்ணீர் எடுத்தால் தலைவலி தீரும்

புறா எச்சத்தால் மூளைக்காய்ச்சல் வருமா என்று கேட்கிறீர்கள். வரும். ஆனால் பால்கனியில் புறா வந்து உட்காருகிற எல்லாருக்கும் வந்துவிடாது. டீ ஆறுவதற்குள் இதைச் சொல்லி முடித்துவிடலாம். இதற்கு அடுத்த கேள்விதான் கொஞ்சம் நீளம்: வந்தவர்களில் யார் பிழைக்கிறார்கள், யார் போய்விடுகிறார்கள், எதனால்?

கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை புறா எச்சத்திலும் மண்ணிலும் உளுத்த மரத்திலும் இருக்கிறது. காய்ந்த தூசியோடு மூச்சில் உள்ளே போகும். நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதிக் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். இரண்டு வயது தாண்டியவர்களில் பெரும்பாலானோரிடம் இந்தப் பூஞ்சைக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது, நோய் இல்லை. உள்ளே போன பூஞ்சையை உடல் நுரையீரலிலேயே மடக்கிவிடுகிறது. எச்.ஐ.வி. முற்றியவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நெடுநாளாக ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் ஆகியோரிடம்தான் பெரும்பாலும் அது ரத்தத்தில் இறங்கி மூளை உறை வரைக்கும் போகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் வேண்டியதில்லை.

எச்.ஐ.வி. உள்ளவர்களில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 1,52,000 பேருக்கு இது வந்தது, 1,12,000 பேர் இறந்தார்கள் என்பது 2020-ஐ ஒட்டிய கணக்கு. அதில் பெரும்பகுதி சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில். ஆகவே யார் பிழைக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் பெரும்பாலும் உகாண்டா, மலாவி, தென்னாப்பிரிக்க வார்டுகளில்தான்.

முதல் தடை, இந்த நோய் மெதுவாக வருவது. இரண்டு மூன்று வாரம் தலைவலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், வாந்தி. கழுத்து விறைப்பு பலருக்கு இருக்காது. பார்வை இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று கண் டாக்டரிடம் போவார்கள். சைனஸ் மாத்திரை, மைக்ரேன் மாத்திரை என்று நாள் ஓடும். பேச்சில் குழப்பம் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறவருக்கும், தெளிவாகப் பேசிக்கொண்டு நடந்து வருகிறவருக்கும் பிழைக்கும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம். எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல்: யாருக்கும் இந்த நோயின் நினைப்பே வராது. அதனால் இன்னும் தாமதமாகும்.

முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீர் பல சமயம் பார்வைக்குத் தெளிந்த தண்ணீராகவே இருக்கும். சீழ் இல்லையே என்று ஏமாந்துவிடக் கூடாது. அதில் ஒரு சொட்டு கறுப்பு மையைக் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கறுத்த பரப்பில் அங்கங்கே வெள்ளை வட்டங்கள், நடுவில் உருண்டையாகப் பூஞ்சை. மை ஏறாத அந்த வெள்ளை வளையம்தான் பூஞ்சையின் வழவழப்பான கூடு. இப்போது பத்து நிமிடத்தில் முடிவு சொல்லும் பட்டைச் சோதனை வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கூட்டை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு அடுத்துச் சொல்லப்போவது சட்டென்று பிடிபடும்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இருக்கும் திரவம் எந்த நேரத்திலும் 150 மில்லி அளவுதான். ஆனால் தினமும் அரை லிட்டர் புதிதாகச் சுரக்கிறது. அவ்வளவும் மூளையின் மேற்புறத்தில் உள்ள நுண்ணிய வடிகால்கள் வழியாக ரத்தத்துக்குள் வடிந்தாக வேண்டும். பூஞ்சை தன் கூட்டை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கொழகொழப்பு வடிகால்களில் போய் அடைத்துக்கொள்கிறது. கஞ்சி படிந்து அடைத்துக்கொண்ட சிங்க்கில் குழாயை மூடாமல் விட்டதுபோல. சிங்க் என்றால் தரையில் வழிந்து ஓடும். மண்டைக்குள் வழிய இடம் ஏது? அழுத்தம் ஏறும். பார்வை நரம்பு நசுங்கும், காது மந்தமாகும், நினைவு தப்பும்.

இங்கேதான் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: இந்த நோயில் மருந்துக்குக் கிடைக்கும் மரியாதை ஊசிக்குக் கிடைப்பதில்லை. படுத்திருக்கும் நோயாளியின் முதுகில் ஊசியை இறக்கி, அதில் ஒரு குழாயை நிமிர்த்திப் பிடித்தால் திரவம் எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறது என்று தெரியும். 20 வரை சரி. 25-ஐத் தாண்டினால் உடனே வடித்தாக வேண்டும். அளவுக் குழாய் இல்லாத இடங்களில் டிரிப்ஸ் ட்யூபைத் தூக்கிப் பிடித்து ஸ்கேலால் அளந்துகொள்கிறார்கள். 20, 30 மில்லி எடுத்ததும் பல நாள் தலைவலி அந்தப் படுக்கையிலேயே குறையும். மறுநாள் மறுபடி ஏறினால் மறுபடி எடுக்க வேண்டும், சிலருக்குத் தினமும். 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 248 நோயாளிகளைப் பார்த்தார்கள். நோயைக் கண்டுபிடிக்க எடுத்ததோடு விட்டவர்களில் 18 சதவீதம் பேர் ஆரம்ப நாட்களிலேயே இறந்தார்கள். அழுத்தத்தைக் குறைக்க ஒருமுறையாவது கூடுதலாக வடித்தவர்களில் 7 சதவீதம்.

ஆனால் வீட்டார் கையெழுத்துப் போட மறுப்பார்கள். "முதுகுல தண்ணி எடுத்தா கால் விளங்காமப் போயிடும்" என்ற பயம் நம் ஊரிலும் உண்டு. ஆப்பிரிக்க வார்டுகளில், ஊசி போட்டால் செத்துவிடுவார்கள் என்றே நம்புகிறவர்கள் பலர். காரணம் இல்லாமல் இல்லை: ரொம்பவும் முற்றியவருக்குத்தான் கடைசியாக அந்த ஊசி போடப்படுகிறது. அடுத்த படுக்கைக்காரர் பார்ப்பது ஊசியையும் சாவையும் மட்டும். ஊசி இறங்குவது இடுப்புக்குக் கிட்டே; தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. இதைப் படம் போட்டுக் காட்ட இரண்டு நிமிடம் போதும். கையெழுத்துக்காகப் பேப்பரை நீட்டுகிறவர்கள் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

மருந்துக்கு வருவோம். ஆம்ஃபோடெரிசின் மஞ்சள் நிற மருந்து. குளுக்கோஸ் பாட்டிலில் கலந்துதான் ஏற்ற வேண்டும், சலைனில் கலந்தால் திரிந்துவிடும். குளிர் நடுக்கம் எடுக்கும், சிறுநீரகம் அடிபடும், பொட்டாசியம் இறங்கும். பழைய முறையில் இரண்டு வாரம் இதைத் தினமும் ஏற்றுவார்கள். கூடச் சேரும் மருந்து எது என்பதிலும் உயிர் இருக்கிறது. மலாவி, சாம்பியா, தான்சானியா, கேமரூன் நாடுகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஆம்ஃபோடெரிசினோடு ஃப்ளூகோனசோல் பெற்றவர்களில் பத்து வாரத்தில் 45 சதவீதம் பேர் இறந்தார்கள். ஃப்ளூசைட்டோசின் பெற்றவர்களில் 31. ஃப்ளூசைட்டோசின் 1957-இல் புற்றுநோய்க்கென்று உருவாக்கிய சரக்கு. அது மிகவும் தேவைப்பட்ட நாடுகளில் பல பத்தாண்டுகள் கிடைக்கவே இல்லை. பிறகு 2022-இல் இன்னொரு முன்னேற்றம்: கொழுப்பு உறையில் பொதிந்த ஆம்ஃபோடெரிசினை முதல் நாள் ஒரே ஒரு பெரிய டோஸ், பிறகு இரண்டு வாரம் மாத்திரைகள். ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் 800-க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்ததில், ஒரு வாரம் தினமும் ஆம்ஃபோடெரிசின் ஏற்றும் முறைக்கு இது சளைக்கவில்லை, பக்கவிளைவும் குறைவு. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இதை முதல் தேர்வாக்கியது.

அவசரப்பட்டால் ஆபத்தாகும் இடங்களும் உண்டு. எச்.ஐ.வி. கூட்டுமருந்தை உடனே ஆரம்பிப்பதுதானே நல்லது என்று தோன்றும். மூளையில் பூஞ்சை நிறைந்திருக்கும்போது எதிர்ப்புச் சக்தி திடீரென்று விழித்துக்கொண்டால் வீக்கம் கூடுகிறது. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒப்பிட்டார்கள்: ஓரிரு வாரத்துக்குள் ஆரம்பித்தவர்களில் ஆறு மாதத்தில் 45 சதவீதம் பேர் இறந்தார்கள், ஐந்து வாரம் பொறுத்தவர்களில் 30. ஸ்டீராய்டும் அப்படித்தான். காசநோய் மூளைக்காய்ச்சலில் கைகொடுக்கும் டெக்ஸாமெதசோன், எச்.ஐ.வி.யோடு வரும் இந்த நோயில் கெடுதல் செய்தது. வியட்நாம் முதல் மலாவி வரை நடந்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பிடிக்கவும் ஒரு வாசல் இருக்கிறது. தலைவலி தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே பூஞ்சையின் கூட்டுத் துணுக்கு ரத்தத்தில் தெரிந்துவிடும். எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே போன எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அந்தப் பட்டைச் சோதனையைச் செய்து பார்க்கலாம். தெரிந்தால் மூளைக்குப் பரவியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மருந்தைத் தொடங்கலாம்.

பிழைத்து வீட்டுக்கு வந்தவருக்கும் ஃப்ளூகோனசோல் குறைந்தது ஓராண்டு ஓடும். தலைவலி போய்விட்டதே என்று மூன்றாம் மாதம் நிறுத்துகிறவர்களுக்கு நோய் திரும்பி வரும் ஆபத்து அதிகம். மறுபடி தலை வலித்தால் மாத்திரைக் கடைக்கு அல்ல, தண்ணீர் எடுத்த அதே வார்டுக்குப் போக வேண்டும். போகும்போது முன்பு அழுத்தம் எத்தனை சென்டிமீட்டர் இருந்தது என்று எழுதியிருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.