ரூம் நம்பர் 14... ஞாயிறு ராத்திரி கச்சேரி!

ஒரு சின்ன டெஸ்ட். படிச்ச புத்தகத்தையோ, பார்த்த படத்தையோ பத்தி ஒரு ஃப்ரெண்டுகிட்ட முழுசா அஞ்சு நிமிஷம் பேசினது எப்போ? 'செம மச்சான், பாரு!'னு லிங்க் தட்டிவிட்டதெல்லாம் கணக்குல சேராது!

எங்க ஹாஸ்டலும் அப்படித்தான் இருந்துச்சு. நாலு கட்டில், நாலு ஹெட்போன். ரெண்டாவது வருஷ ஆரம்பத்துல, ஒரு ஞாயித்துக்கிழமை மழையில கரன்ட் கட். போன்லயும் சார்ஜ் காலி. வேற வழியில்லாம பேச ஆரம்பிச்சோம். அன்னிலேர்ந்து வாராவாரம் மெஸ் முடிஞ்சதும் ரூம் நம்பர் 14-ல கச்சேரி! ரூல் சிம்பிள். படிச்சது, பார்த்தது, கேள்விப்பட்டதுனு ஆளுக்கு ஒரு மேட்டர் கொண்டு வரணும். போன்கள் எல்லாம் பக்கெட்டுக்குள்ள!

புதுக்கோட்டை பார்ட்டி கொண்டு வந்தது குடுமியான்மலை. அங்கே மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில ச, ரி, க, ம சுரங்களை நாலு நாலா அடுக்கி, ஏழு பிரிவாச் செதுக்கி வெச்சிருக்காங்க. பல்லவ கிரந்த எழுத்து, வயசு சுமார் 1,300 வருஷம். 'அடப்பாவி, அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்டா இது!'னு அலறினான் எங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் புலி.

அடுத்த வாரம் 'கூழாங்கல்'. பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கி, 2021-ல ராட்டர்டாம் படவிழாவுல டைகர் விருது வாங்கின படம். கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவியைக் கூப்பிட, குடிகார அப்பா மகனையும் இழுத்துட்டுப் போறார். மொட்டை வெயில்ல நடக்கிறாங்க, நடக்கிறாங்க... 'கதைனு ஒண்ணுமே இல்லையே?'னு ஒரு கோஷ்டி, 'அந்த வெயில்தான்டா கதை!'னு இன்னொரு கோஷ்டி. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரணகளம்!

இவ்வளவு அமளியிலும் ஒருத்தன் மட்டும் வாயே திறக்கல. கோவில்பட்டி பக்கத்துப் பையன். தமிழ் மீடியம், வீட்டுல முதல் பட்டதாரி ஆகப் போறவன். நாங்க கொரியன் சீரிஸ், இங்கிலீஷ் சீரிஸ்னு அளக்கும்போது போர்வையை இழுத்து மூடிக்குவான். தூக்கம் வருது போலனு விட்டுட்டோம். முதல் வருஷத்துலயே நாலு அரியர். ஊருக்குப் போய் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்துடலாம்னு பையைக் கட்டி கட்டிலுக்கு அடியில வெச்சிருந்தான். பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்த எனக்கே அது தெரியாது.

நாலாவது வாரம் அவன் டர்ன். 'எனக்கு என்னடா தெரியும்?'னான். 'உங்க ஊர்ப் பக்கம் ஏதாவது சொல்லு'னோம். தயங்கித் தயங்கி ஆரம்பிச்சான்.

'எங்க ஊர்லேர்ந்து திருநெல்வேலி போற வழியில இடைசெவல்னு ஒரு கிராமம். அங்கே ரெண்டு கூட்டாளிங்க. ரெண்டு பேருக்கும் புத்தகப் பைத்தியம், சங்கீதப் பைத்தியம். பின்னால ரெண்டு பேருமே சாகித்ய அகாடமி விருது வாங்கினாங்க. ஒருத்தர் கு.அழகிரிசாமி, இன்னொருத்தர் கி.ராஜநாராயணன்.'

அழகிரிசாமி ஊரை விட்டுப் போன பிறகும் கி.ரா.வுக்கு எழுதின கடிதங்கள் தனிப் புத்தகமாவே வந்திருக்காம். கி.ரா. பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்காதவர். மழைக்குத்தான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினதா தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்குவாராம். எழுத ஆரம்பிச்சதே முப்பது வயசுக்கு மேல. அந்த மனுஷனைப் புதுச்சேரி பல்கலைக்கழகம் பேராசிரியரா கூப்பிட்டு உட்கார வெச்சுது. 2021-ல அவர் இறந்தப்போ, இடைசெவல்ல அரசு மரியாதையோட அடக்கம்.

அப்புறம் 'கரிசல் காட்டுக் கடுதாசி'யை எடுத்து, அவன் ஊர்ப் பேச்சுலயே வாசிச்சான் பாருங்க... விழுந்து விழுந்து சிரிச்சோம். அவனும் சிரிச்சான். அந்தச் சிரிப்பை அன்னிக்குத்தான் முதல் தடவையா பார்த்தோம். எல்லாரும் கிளம்பின பிறகு என்கிட்ட மெதுவா சொன்னான்: 'ஊருக்குப் போயிரலாம்னு பை கட்டியிருந்தேன்டா.'

கதை பேசினா அரியர் க்ளியர் ஆயிடுமா? ஆகாதுங்க! ஆனா, அதுக்கப்புறம் 'இந்த சம் புரியல, சொல்லித் தா'னு கேட்க அவனுக்குக் கூச்சம் இல்ல. நாலுல ரெண்டு இப்போ க்ளியர். மிச்சம் ரெண்டுக்காக ரூமே சேர்ந்து மல்லுக்கட்டிட்டு இருக்கோம்.

நீங்களும் கச்சேரி ஆரம்பிக்க...

* அஞ்சு பேர் போதும். கூட்டம் சேர்ந்தா அரட்டைதான் மிஞ்சும்.

* 'எனக்குப் பிடிக்கல'னு சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. 'இது கூடத் தெரியாதா?'னு கேட்க யாருக்கும் உரிமை இல்ல!

* காசு இல்லையா? சென்னைன்னா அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைன்னா கலைஞர் நூற்றாண்டு நூலகம். மத்த ஊர்னா, உங்க கிளை நூலகத்துக் கதவைத் தட்டுங்க.

* பேசாம உட்கார்ந்திருக்கிறவரை முதல்ல பேச விடுங்க. நாங்க நாலு வாரம் லேட்!

இந்த ஞாயிறுக்கு நான் எடுத்து வெச்சிருக்கிறது கு.அழகிரிசாமியோட 'ராஜா வந்திருக்கிறார்'. புத்தகம் கொடுத்தது யாருனு சொல்லணுமா என்ன?

சரி, உங்க மேட்டர் என்ன பாஸ்?