பிழையைப் படிக்கும் யந்திரம்

52-லிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் 26 என்று எழுதும் குழந்தையைக் கவனமில்லையென்று கடிந்துகொள்வது எளிது. ஆனால் அதே குழந்தை 71-லிருந்து 45-ஐக் கழித்து 34 என்று எழுதுமானால், அது மனம்போனபடி எழுதவில்லை என்பதும், கடன் வாங்கிக் கழிக்கும் முறை பிடிபடாமையால், எந்த ஸ்தானத்திலும் பெரிய இலக்கத்திலிருந்தே சிறிய இலக்கத்தைக் கழிப்பதென்று தானே ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அதை வழுவாமல் அனுஷ்டித்து வருகிறது என்பதும் புலனாகும்.

1970-களின் பிற்பகுதியில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் இத்தகைய பிழை விதிகளைக் கணிப்பொறியில் புகுத்தி, 'பக்கி' என்றொரு பயிற்சியை உருவாக்கினார்கள். அதில் யந்திரம் உபாத்தியாயர் அன்று, மாணாக்கன். ஏதேனுமொரு பிழை விதியின்படி அது தப்பாகவே கழித்துக்கொண்டு வர, ஆசிரியப் பயிற்சி பெறுவோர் புதுப்புதுக் கணக்குகளைக் கொடுத்து அவ்விதி இன்னதென்று கண்டறிய வேண்டும். கண்டுவிட்டேன் என்று சொன்னாலும் விடாமல், அதே பிழையோடு சில கணக்குகளைப் போட்டுக் காட்டும்படி அது கேட்கும். கற்பித்தல் யந்திரங்களின் சரித்திரத்தில் இதைவிட உயர்ந்த யோசனையை நான் அறியேன்.

இன்று பள்ளிக்குள் நுழையும் செயற்கை நுண்ணறிவு வேறு வகையைச் சேர்ந்தது. எண்ணிறந்த நூல்களைப் பயின்று, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வரத்தகும் என்று கணித்து விடையைத் தொடுக்கும் அது, கேட்ட மாத்திரத்தில் கணக்கை முடித்துத் தருமேயன்றி, கேட்டவன் எங்கே இடறினான் என்று தானாக விசாரிப்பதில்லை. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடையே நடந்த கணிதப் பரிசோதனையில், இதைத் தடையின்றிப் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளில் யந்திரமே இல்லாதவர்களைவிட 48 சதவீதம் முந்தி, யந்திரம் இல்லாமல் எழுதிய பரீட்சையில் 17 சதவீதம் பின்தங்கினார்கள். மற்றொரு பிரிவினருக்கு அளித்த யந்திரத்திடம், சரியான விடையோடு மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளையும் ஆசிரியர்களின் துணைகொண்டு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி பணித்திருந்தார்கள்; அவர்களிடம் அப்பின்னடைவு பெரும்பாலும் காணப்படவில்லை, ஆயினும் புத்தகமும் நோட்டுமே துணையாகப் படித்தவர்களை அவர்கள் பரீட்சையில் விஞ்சிவிடவும் இல்லை.

ஆகவே, பள்ளிக்கு இவ்யந்திரத்தை வாங்க முனைவோர், விடைத்தாள் திருத்தியே வருஷங்களைக் கழித்த ஆசிரியர்களை முதலில் அழைத்து, அவர்கள் கண்டறிந்த பிழைகளை ஒவ்வொன்றாக எழுதி வாங்க வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம். அந்த வேலை சிறிதன்று: கழித்தல் ஒன்றுக்கு மட்டுமே பர்ட்டன் பட்டியலிட்ட பிழை விதிகள் நூற்றுக்கு மேற்பட்டவை.