நோட்டில் நான்கு கட்டம்

என் தங்கை கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் ஆடி மாதம் அவள் குரல் மாறியது. போன் எடுத்தால் "ம்", "சரிக்கா", "அப்புறம் பேசறேன்க்கா", இவ்வளவுதான். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஞாயிறு மாலை வந்தாலே நெஞ்சு படபடப்பு. மிதமான மனச்சோர்வு, கூடவே பதற்றம் என்றார் மருத்துவர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். உளவியல் ஆலோசகரிடம் வாராவாரம் போக அவளுக்கு விடுப்பும் கிடைக்கவில்லை, கட்டணமும் கட்டுப்படியாகவில்லை. அதனால் இணையத்தில் தானே செய்து பழகும் மனப்பயிற்சி ஒன்றைத் தொடங்கச் சொல்லி அனுப்பினார். இப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கான்பெராவில் கிடைத்த வழி

1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மனச்சோர்வில் இருப்பவர்களின் மனதில் "நான் எதற்கும் லாயக்கில்லை", "இனி எதுவும் மாறாது" போன்ற எண்ணங்கள் தாமாக ஓடிக்கொண்டே இருந்தன. அவர்களும் அவற்றை அப்படியே உண்மை என்று நம்பினார்கள். அந்த எண்ணங்களை நிறுத்திக் கேள்வி கேட்கவும், முடங்கிப்போன அன்றாட வேலைகளை மறுபடி தொடங்கவும் கற்றுக்கொடுப்பதுதான் அவர் உருவாக்கிய சிகிச்சை. இன்று சிபிடி என்ற பெயரில் உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

கற்றுக்கொடுக்கக்கூடியது என்பதால் அதைப் புத்தகத்தில் எழுத முடிந்தது. பிறகு கணினியிலும் ஏற்ற முடிந்தது. கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் 2001ல் 'மூட்ஜிம்' என்ற இணையப் பயிற்சியைத் தொடங்கியது. மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த 525 பேரிடம் நடத்திய ஆய்வு 2004ல் பிஎம்ஜே இதழில் வந்தது. அறிகுறிகள் குறைந்தது உண்மை என்று அது காட்டியது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு வாரம் ஒரு முறை ஒருவர் போன் செய்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மருத்துவரும் இல்லை, ஆலோசகரும் இல்லை.

நம் நாட்டில் இதன் தேவை பெரிது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16ல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநோய்கள் உள்ள பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சையே கிடைப்பதில்லை.

அந்த நான்கு கட்டம்

பயிற்சியின் பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். தங்கையின் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை அவள் சம்மதத்தோடு சொல்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் அவளுடைய மேலாளர் வாட்ஸ்அப்பில் "நாளைக்குக் காலையில் பேசணும்" என்று அனுப்பியிருக்கிறார். முதல் கட்டத்தில் நடந்ததை மட்டும் எழுத வேண்டும்: மேலாளர் செய்தி அனுப்பினார். இரண்டாவது கட்டத்தில் மனசு சொன்னது: "என்னை வேலையை விட்டு அனுப்பப் போறாங்க." அதை எவ்வளவு நம்புகிறாள் என்று நூற்றுக்கு ஒரு மதிப்பெண், 90 போட்டிருந்தாள். மூன்றாவது கட்டம் சான்றுகளுக்கு. ஆதரவாக ஒன்று: போன வாரம் அறிக்கை தாமதமானது. எதிராக இரண்டு: பக்கத்து இருக்கைக்காரிக்கும் அதே செய்தி வந்திருக்கிறது, இரண்டு மாதம் முன்பு இப்படித்தான் கூப்பிட்டுப் புது வேலை ஒன்றைக் கொடுத்தார். நான்காவது கட்டத்தில், எல்லாவற்றையும் பார்த்தபின் தோன்றுவது: "தாமதத்தைப் பற்றிக் கேட்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்." இப்போது முதல் எண்ணத்துக்கு மறுபடி மதிப்பெண். 50.

பூஜ்யமாகவில்லை, ஆகவும் வேண்டாம். 90 ஐம்பதானால் ஒருத்தி தூங்கலாம். "நல்லதையே நினை" என்று நாம் சொல்லும் ஆறுதலுக்கும் இதற்கும் தூரம் அதிகம். இங்கே யாரும் அவளை நல்லதை நினைக்கச் சொல்லவில்லை, சரிபார்க்கத்தான் சொல்கிறார்கள்.

அடுத்தது செயல். மனம் தேறட்டும், பிறகு வெளியே போகலாம் என்று காத்திருந்தால் மனம் தேறாது. அதனால் நாளுக்கு ஒரு சின்ன வேலையை நேரம் குறித்து எழுதி, மனசு ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும் செய்ய வேண்டும்.

பதற்றத்துக்கு 'பயப்படிகள்'. பேருந்தில் ஏறினாலே மூச்சு அடைக்கிறது என்றால் முதல் படி, நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்பது. அடுத்து, கூட்டமில்லாத நேரத்தில் துணையோடு ஒரு நிறுத்தம், பிறகு தனியாக, கடைசியில்தான் காலை ஒன்பது மணிப் பேருந்து. படபடப்பு ஏறும்போது இறங்கி ஓடாமல் அது தணியும்வரை இருந்து பார்ப்பதுதான் இதில் கடினம், இதில்தான் பலனும். ஒரு படி சலித்துப்போகும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்யலாம். மூச்சுப் பயிற்சி, தூக்க ஒழுங்கு எல்லாமும் உண்டு. அவை நமக்குப் புதிதில்லை.

பாதியில் நின்றுவிடுவது

இங்கிலாந்தில் பொதுநல மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்ற 691 மனச்சோர்வு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2015ல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு இணையப் பயிற்சியைச் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் தெரியவில்லை. மூட்ஜிம் கொடுக்கப்பட்டவர்களில் எல்லாப் பாடங்களையும் முடித்தவர்கள் சுமார் ஆறில் ஒருவர்தான். எதையும் தொடங்கவிடாமல் செய்வதே மனச்சோர்வின் குணம்; அந்த நோயில் இருப்பவரிடம் தனியாக உட்கார்ந்து பாடம் முடிக்கச் சொல்கிறோம். முடிக்காதவர்களைச் சோம்பேறி என்று சொல்வது கொடுமை.

பின்னர் நடந்த இன்னோர் ஆய்வில், தொலைபேசியில் முறையாக வழிநடத்தப்பட்டவர்கள் நான்கு மாதத்தில் கூடுதலாகத் தேறினார்கள். ஆளில்லாமலும் இந்தப் பயிற்சி ஓரளவு உதவும், குறிப்பாக லேசான மனச்சோர்வில். ஆள் இருந்தால் அதிகம் உதவும்.

எப்போது இது போதாது

தொடங்கும் முன் பல பயிற்சிகள் ஒன்பது கேள்விகள் கேட்கும். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய அந்தக் கேள்விகளுக்கு மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எடுத்துவரும் மாத்திரையை, பயிற்சி செய்கிறோமே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வருகிறதா என்பது. "இல்லை" தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் பயிற்சியை மூடிவிட்டு ஒரு மனிதரிடம் பேசுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். இலங்கையில் 1926.

இல்லாத குரல்கள் கேட்பது, நாட்கணக்கில் தூக்கமே இல்லாத அதீத உற்சாகம், குடிப்பழக்கம் கைமீறியது, இவற்றுக்கும் இணையப் பயிற்சி போதாது.

ஞாயிறு இரவு எட்டு மணி

எங்கள் வீட்டில் அந்த வாராந்தர அழைப்பு என் பொறுப்பானது. கேட்பதெல்லாம் மூன்று: எந்தப் பாடம், நோட்டில் என்ன எழுதினாய், அடுத்த வாரம் எதைச் செய்யப்போகிறாய். அறிவுரை சொல்ல வாய் துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ள நான்தான் பழக வேண்டியிருந்தது. செய்யவில்லை என்றால் ஏன் என்று கேட்பதில்லை. எதைச் சின்னதாக்கலாம் என்று கேட்பேன்.

மூன்றாவது வாரம், "காலையில் பூங்காவரை நடப்பது" என்ற வேலை ஏழு நாளும் நடக்கவில்லை. இருவரும் சேர்ந்து அதை வெட்டினோம். அடுத்த ஞாயிறு அவள் நோட்டைப் பார்த்துப் படித்தாள்: "திங்கள், செருப்பு போட்டேன். வாசல்ல நின்னேன். அஞ்சு நிமிஷம். செவ்வாய், மழை, போகல. புதன், தெருமுனை வரைக்கும்க்கா."