வேவு வானூர்தியும் அதன் நிலைபேறும்

பகைவர்தம் படையிருப்பை வானினின்று கண்டறிதற்கு முதல் உலகப் போரிற் பயன்பட்ட ஈரடுக்குச் சிறகு வானூர்திகளுள் பிரிட்டனின் பி.இ. 2சி குறிப்பிடத்தக்கது. அதன் சிறப்பே பின்னர்க் குறையாயினமையை ஈண்டு விளக்குவோம்.

பி.இ. 2 வகையின் முதல் ஊர்தியை ஜெஃப்ரி டி ஹாவிலண்டு ஃபார்ன்பரோவில் 1912-இல் பறக்கவிட்டார். மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்த இரு சிறகுகளையும் தூண்களும் கம்பிகளும் பிணைத்து நின்றன. எட்வர்டு பஸ்க் என்னும் அறிஞரின் ஆய்வால் 1914-இல் 2சி வடிவம் தோன்றிற்று. இதில் மேற்சிறகு சற்றே முன்தள்ளி அமைந்தது. சிறகு நுனிகள் மேனோக்கி உயர்ந்தன. ஆதலின் காற்றாற் சாய்ந்த ஊர்தி தானே நிமிர்ந்தது. ஓட்டுநர் இடையறாது கருத்துச் செலுத்த வேண்டாமையின், பகைவர் அகழிகளை நோக்குதற்கும் நிழற்படம் எடுத்தற்கும் அஃது ஏற்றதாயிற்று.

எனினும், அந்நிலைபேறே விரைந்து திரும்புதலைத் தடுத்தது. மேலும், நோக்குநர் முன்னிருக்கையில் தூண்களுக்கும் கம்பிகளுக்கும் இடையே அமர்ந்தமையின், வேண்டிய திசையிற் சுட இயலவில்லை. 1915-இல் செர்மானியரின் ஃபாக்கர் ஒற்றைச் சிறகு வானூர்தி, சுழலும் முன்விசிறியின் அலகுகளுக்கிடையே சுடும் எந்திரத் துப்பாக்கியுடன் வந்தபோது, பி.இ. 2சி எளிய இலக்காயிற்று. ஆயினும் 1917-இலும் இவ்வகை ஊர்திகள் மேற்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டன. அவற்றிற் சென்ற இளைஞர் பலர் மாண்டனர்.

அமைத்தோர் கருதியது எதிர்ப்பில்லா வானம். ஊர்தி புகுந்ததோ போர்க்களமாகிய வானம். கருவியின் தகுதியைச் சூழல் மாறுந்தொறும் மீள ஆராய்தல் வேண்டும் என்பதும், ஆராயாவிடின் அதற்குரிய விலையை அதனை இயக்குவோரே செலுத்துவர் என்பதும் இதனாற் பெறப்படும்.