ஒழுங்கா ஓடுற சிஎன்சி-ல ஜெர்பிலை மாத்தணுமா?

வீட்டுல வச்சு ஓட்டுற சின்ன சிஎன்சி மெஷின்கள்ல நிறைய, ஆர்டுயினோ ஊனோ போர்டுல ஜெர்பில் போட்டுத்தான் ஓடுது. கம்ப்யூட்டர் அனுப்புற ஜி-கோட் வரியைப் படிச்சு, மோட்டாருக்கான துடிப்பா மாத்திக் கொடுக்கிற மென்பொருள் இது. 32 கேபி ஃபிளாஷ், 2 கேபி ரேம், அவ்வளவுதான் இடம். (நாம ஆபீஸ்ல ஒரு பட்டனுக்கே இதைவிடப் பெரிய லைப்ரரியை இழுத்துப் போடுறோம்.)

இன்னைக்குக் கேள்வி, 0.9 வச்சிருக்கிறவங்க 1.1-க்குப் போகணுமா?

வெப் சர்வர்ல அப்டேட் சொதப்பினா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். இங்க சொதப்பினது, டூல் மரத்துக்குள்ள இறங்கின பிறகுதான் தெரியும். அதனால புதுசுங்கிறது மட்டும் காரணம் ஆகாது.

லேசர் மாட்டியிருக்கீங்களா? அப்போ மாத்துங்க, யோசிக்கவே வேண்டாம். 1.1-ல $32=1 கொடுத்தா லேசர் மோட் வரும். அதுல எம்4 போட்டா, திருப்பத்துல வேகம் குறையும்போது லேசரோட சக்தியும் சேர்ந்து குறையும், மூலை கருகாது. மெஷின் நின்னா கதிரும் அணையும். 0.9-ல இது கிடையாது. இன்னொரு வசதி, வெட்டிக்கிட்டிருக்கும்போதே ஃபீட் வேகத்தை 10 முதல் 200 சதவீதம் வரை மாத்தலாம். இது ரெண்டும் தேவையில்ல, எப்பவாவது ஒரு பெயர்ப்பலகை செதுக்கினா போதும்னா, 0.9-லயே இருங்க.

மாத்துறதுன்னு முடிவு பண்ணிட்டா, பெரிய ஆபத்து ஈப்ராம்லதான் இருக்கு. 0.9-ல இருந்து 1.1 போகும்போது உங்க செட்டிங்ஸ் எல்லாம் அழிஞ்சு, பொதுவான மதிப்புகள் வந்து உட்கார்ந்துக்கும். பெல்ட் மெஷின் ஒன்னுக்கு மில்லிமீட்டருக்கு 80 ஸ்டெப் வேணும்னு வைங்க. பொது மதிப்பு 250. நீங்க 100 மிமீ போகச் சொன்னா, அது 312.5 மிமீ போகப் பார்க்கும். 300 மிமீ மெஷின்னா, நேரா ஃபிரேம்ல போய் இடிக்கும்.

அதனால முதல்ல $$ அடிச்சு வர்ற பட்டியலை ஒரு ஃபைல்ல சேமிச்சுக்குங்க. $# அடிச்சா ஜி54 ஆஃப்செட்டும் வரும், அதையும் எடுத்து வைங்க. ஆனா பழைய பட்டியலை அப்படியே ஒட்டிடாதீங்க, $10-க்கு 1.1-ல அர்த்தமே வேற. $30, $31, $32 மூணும் புதுசு.

கம்ப்யூட்டர்ல இருக்கிற சென்டர் மென்பொருளையும் பாருங்க. மெஷின் அனுப்புற நிலை அறிக்கையோட வடிவம் மாறிடுச்சு, ரொம்பப் பழைய சென்டருக்கு அது புரியாது.

0.8-ல இருந்து தாவுறவங்க வயரிங்கையும் பார்க்கணும். 11, 12 பின்கள்ல இசட் லிமிட்டும் ஸ்பிண்டிலும் இடம் மாறியிருக்கு. வயரை மாத்தாம ஹோமிங் கொடுத்தா, சுவிட்சைத் தொட்டாலும் இசட் நிக்காது.

சில தயாரிப்பாளர்கள் ஜெர்பிலைத் தங்க போர்டுக்குன்னு திருத்தி ஏத்தியிருப்பாங்க. அப்படி இருந்தா, அவங்ககிட்ட பழைய ஹெக்ஸ் ஃபைலைக் கேட்டு வாங்கின பிறகு ஆரம்பிங்க.

ஏத்தி முடிச்சதும், டூலைக் கழட்டிட்டு, ஒவ்வொரு அச்சா 10 மிமீ நகர்த்தி, ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. ஒரு கை எமர்ஜென்சி சுவிட்ச் மேலயே இருக்கட்டும்.